லைன்மேன் வீட்டு அரிக்கன் லாம்பு

பூமணி அக்கா வந்த பின்னேரம் நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். முழங்கைவரை சவர்க்கார நுரை. கச்சான் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து, நான் அப்போதுதான் அலசி வைத்த வெள்ளை வேட்டியில் கொட்டியது. காற்றைத் திட்டிக்கொண்டு நிமிர்ந்தால், படலைக்கு உள்ளே ஒரு வயதான மனிசி நிற்கிறார். கையில் பன் புல்லால் இழைத்த ஒரு பை. காலில் தேய்ந்த றப்பர் செருப்பு.

"ஆரம்மா? ஆரைத் தேடுறியள்?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் உடுப்பைக் குத்திக்கொண்டிருந்த கல்லைத்தான் பார்த்தார். கிட்ட வந்து, குனிந்து, அதன் உடைந்த மூலையை விரலால் தடவினார்.

"பிள்ளை, இந்தக் கல்லை ஆர் இஞ்சால இழுத்தது?"

"இழுக்கிறதோ? நாங்கள் வரேக்க அது இதிலதான் கிடந்தது. இது எங்கட கல்லு."

"கல்லு உங்கட கல்லுத்தான்," என்றார் அவர். "வளவுதான் என்ர வளவு."

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கேயோ கிடந்து வந்து, நான் பெருக்கித் தெளித்த முற்றத்தில் நின்றுகொண்டு என்ன கதை இது என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் வீட்டுக்குப் பின்னால் விறகு கொத்திக்கொண்டிருந்த இவர் சத்தம் கேட்டு வந்துவிட்டார். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. ஊரார் கூப்பிட்டபடி லைன்மேன் என்றே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

"பூமணி அக்காவோ?" என்றார் இவர்.

"ஓம் தம்பி. உயிரோடதான் வந்திருக்கிறன். நீ ஏனடா என்ர வளவுக்குள்ள வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாய்?"

கோபமாகக் கேட்கவில்லை. ஏன் வெயிலுக்குள் நிற்கிறாய் என்று கேட்பதுபோலக் கேட்டார். இவர் கல்லைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். பிறகு கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த நாயுண்ணிப் பற்றையைப் பார்த்தார். கையில் இருந்த கோடரி மெல்ல நிலத்துக்கு வந்தது. ஒரு மனிசனின் முகம் அப்படி வெளிறியதை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

காணி மாறிப்போனதற்கா இவ்வளவு என்று நீங்கள் நினைக்கலாம். அதுக்குத்தான் கதையைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோகவேண்டியிருக்கிறது.

ஃபானுக்குக் கீழே வளர்ந்தவள்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் திருகோணமலை வீடு தெரியும். துறைமுகத்துக்குக் கிட்ட, கப்பல் ஊதினால் யன்னல் கண்ணாடி அதிரும் வீடு. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் தலைக்கு மேலே ஒரு ஃபான் சுற்றிக்கொண்டே இருந்தது. கரண்ட் போனால் எனக்குத் தலையிடி வந்துவிடும்.

போதாக்குறைக்கு நான் மனையியல் ரீச்சர். ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டில் இறைச்சி, எந்தத் தட்டில் மரக்கறி என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படிப்பித்தவள். என் குசினியில் கிரைண்டர், மிக்ஸி, மைக்ரோவேவ் எல்லாம் பள்ளிக்கூடத்து அசெம்பிளிபோல வரிசையாக நிற்கும்.

இவரோ லைன்மேன். புயலோ மழையோ, போன் வந்தால் கொட்டாவி விட்டுக்கொண்டு ஏணியோடு போய்விடுவார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்துவிட்டு நனைந்த கோழிமாதிரி வீட்டுக்கு வருவார். அப்படிப்பட்ட மனிசன் பென்சன் எடுத்துக் கொஞ்சக் காலத்தில், ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"இஞ்சாரும், சம்பூருக்குப் போவம்."

"போவம். ஒரு கிழமை நிண்டிட்டு வருவம்."

"நிக்கிறதுக்கில்லை. இருக்கிறதுக்கு."

சம்பூர் இவருடைய ஊர். குடாவுக்கு அந்தக் கரை. சண்டையில் சனம் எழும்பிப்போய், பல வருசம் படையினரின் கையில் பூட்டிக்கிடந்து, அந்த நேரம்தான் காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் நான் பெரிதாக மறுக்கவில்லை. பிறந்த மண் ஆசை, போய்க் கொஞ்ச நாள் இருந்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

"சரி, போவம். லைன் எப்ப எடுக்கலாம்?"

"லைன் எடுக்க மாட்டன்."

"என்னது?"

"கரண்ட் வேண்டாம். மண்ணால சுவர், கிடுகால கூரை, அரிக்கன் லாம்பு. முந்தி இருந்தமாதிரி."

"உங்களுக்கென்ன, போஸ்டில இருந்து விழுந்து தலையில அடிபட்டதோ?" என்றேன். கிழமைக்கணக்காக வாய்ச்சண்டை பிடித்தேன். மகள் வதனியும் என் பக்கம். "லைன்மேன் வீட்டில கரண்ட் இல்லையாம், கேக்கிறவன் கேணையனெண்டால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டுமாம்," என்று அவள் பங்குக்குச் சொன்னாள். இவர் ஒன்றுக்கும் கோபிக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு வசனம் சொன்னார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

மாட்டை அவிழ்க்கப் போனவன்

இவருக்கு ஒரு தம்பி. கணேசு. கலியாணம் கட்டவில்லை. தாயோடும் மாடுகளோடும் சம்பூரிலேயே இருந்தவன். கணேசு வந்தால் எங்கள் துறைமுகத்து வீடு சாணி மணக்கும். நான் மூக்கைச் சுளித்தால், "அண்ணி, உங்கட ஃப்ரிட்ஜ் மணத்தை விட இது பறவாயில்லை," என்று பகிடி விடுவான். தயிர்ச்சட்டியைக் கொடுத்துவிட்டு, ஃபானுக்குக் கீழே ஒரு கதிரையைப் போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

ஷெல் விழத் தொடங்கிய நாள் சனம் எல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்டது. தாயையும் கூட்டிக்கொண்டு கணேசுவும் நடந்தான். கொஞ்சத் தூரம் போனதும் நின்றுவிட்டானாம். "மாடு கட்டில நிக்குது. அவிழ்த்துவிட்டிட்டு வாறன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினவன். அதுக்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை.

போகாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. இவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வரிசை வரிசையாக நின்றார். தாயும் கண்ணை மூடிவிட்டா. நாங்கள் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். இவர் மட்டும் வரவில்லை.

அன்றைக்கு இவர் சொன்ன வசனம் இதுதான்:

"அவன் விட்டிட்டுப் போன வீட்டில கரண்ட் இல்லை. பல்ப் எரிஞ்சால், ஆரோ வேற ஆக்களின்ர வீடெண்டு நினைச்சுத் தாண்டிப் போயிடுவான்."

விசர்க் கதை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் இந்த விசரை எதிர்த்து நான் எதைச் சொல்ல? வரமாட்டான் என்று சொல்லவேண்டும். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிக்ஸியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். வீட்டை வதனியிடமும் மருமகனிடமும் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டோம்.

கல்லை நம்பி

போய்ப் பார்த்தால் வீடு என்று ஒன்றும் இல்லை. டோசர் போட்டு எல்லாவற்றையும் ஒரே மட்டமாகத் தள்ளியிருந்தார்கள். வேலி இல்லை, பனை இல்லை, மா இல்லை. எது ஆருடைய வளவு என்று சனம் வெறும் நிலத்தில் நின்று அழுதது. ஒருவர் ஒரு பூவரசங் கட்டையைப் பிடித்துக்கொண்டு இதுதான் என் வாசல் என்றார். இன்னொருவர் அதே கட்டைக்குச் சண்டைக்கு வந்தார்.

எங்களுக்கு ஒரு கிணறு மிஞ்சியிருந்தது. அது பங்குக் கிணறு. எங்கள் பக்கங்களில் இரண்டு வளவுக்கு நடுவில், எல்லையிலேயே ஒரு கிணறு வெட்டி, இரண்டு வீட்டாரும் அள்ளுவார்கள். காணி உறுதிப் பத்திரத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கும். ஒரு பக்கம் எங்கள் வளவு. மற்றப் பக்கம் பூமணி அக்காவின் வளவு. அவர் குடும்பம் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டதென்று கேள்வி. கேட்பதற்கு ஆளில்லை.

எந்தப் பக்கம் எங்கள் பக்கம்? இவர் வேலை கிடைத்து இளவயதிலேயே ஊரை விட்டு வந்தவர். திருவிழாவுக்குப் போய் வந்ததோடு சரி. கண்ணை மூடி யோசித்தார். "படலையால வந்தா கிணத்துக்கு இடக்கைப் பக்கம்," என்றார். அதோடு, தகப்பன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த உடுப்புத் தோய்க்கிற கல்லும் அந்த இடக்கைப் பக்கத்தில்தான் கிடந்தது. மூலை உடைந்த அதே கல். இவர் முழங்காலில் இருந்து அதைத் தொட்டார். அவர் அழுததை அன்றைக்குத்தான் கண்டேன். அதுக்குப் பிறகு நான் என்ன கேள்வி கேட்கிறது?

வளவுக்கு வருகிற பழைய ஒழுங்கைப் பாதை கடல் பக்கத்தால் வந்தது. அது பற்றைக்குள் மறைந்துவிட்டது. புது றோட்டு வயல் பக்கத்தால் வெட்டியிருந்தார்கள். பழைய வழியில் வருகிறவனுக்கு இடக்கை, புது வழியில் வருகிறவனுக்கு வலக்கை. கம்பி எந்தத் திசையில் போகிறதென்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லக்கூடிய மனிசன், இதை யோசிக்கவில்லை. கல்லைக் கண்டதும் மற்றதெல்லாம் மறந்துபோனது. இடையில் அங்கே இருந்தவர்கள் குளிக்க வசதியாகக் கல்லை உருட்டியிருப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

நாடே எங்கள் வீட்டுக்கு வந்தது

பழைய வீட்டின் படியே கட்டினார். கணேசு படுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன விறாந்தை. மாடு இல்லாத மாட்டுக்கொட்டில். விறாந்தையின் முன் தூணான கப்பில் ஓர் ஆணி, அந்த ஆணியில் அரிக்கன் லாம்பு. இரண்டு வருசத்தில் எங்கள் றோட்டால் லைன் போனது. எங்கள் படலைக்கு முன்னாலேயே ஒரு போஸ்ட். கம்பி இழுக்க வந்த பெடியள் இவரிடம் வேலை பழகினவர்கள். "சேர், ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, தந்திட்டுப் போறம்," என்று கெஞ்சினார்கள். இவர் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

எளிமையான வாழ்க்கை என்று இப்போது பத்திரிகைகளில் அழகாக எழுதுகிறார்கள். வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஈர விறகு ஊதி ஊதிக் கண் கத்தரிக்காய் மாதிரி வீங்கும். அவித்த மீனைப் பின்னேரத்துக்குள் சாப்பிடவேண்டும், இல்லையென்றால் பூனைக்கு. புழுக்கத்தில் பனையோலை விசிறியால் விசுக்கி விசுக்கிக் கை ஓய்ந்துவிடும். போன் சார்ஜ் போடச் சந்திக் கடைக்கு நடக்கவேண்டும். மனையியல் படித்தவள் மண்சட்டியில் தயிர் புளித்துக் கொட்டியதைச் சொன்னால் என் பழைய மாணவிகள் நம்பமாட்டார்கள்.

பொழுதுபட்டால் கடற்கரைக்குப் போய் நிற்பேன். குடாவுக்கு அங்கால துறைமுகத்து வெளிச்சம் கொட்டிக்கிடக்கும். அதில் ஒன்று என் வீடு, அதுக்குள் என் ஃபான் சுற்றுகிறது என்று நினைத்துக்கொள்வேன். நான் அங்கே சந்தோசமாக இருந்தேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். அவருக்காக இருந்தேன், அவ்வளவுதான்.

நாட்டில் எரிபொருள் இல்லாமல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய காலமும் வந்தது. வதனி போனில் அழுவாள்: "அம்மா, பிள்ளைக்கு வேர்க்குது, ஃப்ரிட்ஜில இருந்த எல்லாம் பழுதாப்போச்சு." எனக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை. "ஒண்டுமில்லையடி, முழு நாடும் எங்கட வீட்டுக்கு வந்திருக்குது," என்றேன். ஆனால் அதே காலத்தில் மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. இவர் தேங்காயெண்ணெயைச் சிரட்டையில் விட்டுத் திரி போட்டார். குழம்புக்கு எண்ணெய் இல்லாமல் நான் கத்த, அந்தத் திரியை ஒரு பின்னேரமாவது அணைய விட்டிருக்கவேண்டுமே, இல்லை.

"அங்கதான் குப்பை கொளுத்தினது"

இப்போது கிணற்றடிக்கு வருவோம்.

பூமணி அக்காவை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். இந்தியாவில் முகாமில் இருந்ததும், புருசன் அங்கேயே முடிந்ததும், தனியாகத் திரும்பி வந்ததும் சொன்னார். பிறகு விரலை நீட்டிக் காட்டினார். பழைய ஒழுங்கை அதாலே வந்தது, கல் அந்தப் பக்கம் இருந்தது, என் வீட்டின் பின்கோடி இதிலே இருந்தது, உங்கள் மாட்டுக்கொட்டில் அதிலே இருந்தது.

"கணேசு எனக்குத்தான் சொன்னவன், மாட்டை அவிழ்த்துவிட்டிட்டு வாறன் எண்டு. நான் வேண்டாமடா எண்டனான். கேட்டானே?"

இவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதுக்கென்ன தம்பி, இனிப் பிரிச்சுக் கட்ட உன்னால ஏலாது. நீ இதிலயே இரு. எனக்குக் கிடைக்கிற வீட்டை நான் அந்தப் பக்கத்தில போடுறன். ரெண்டும் மண்தானே."

எவ்வளவு பெரிய மனம். நான் அக்காவின் கையைப் பிடித்துவிட்டேன். ஆனால் இவர் எழும்பிப் போய் அந்த நாயுண்ணிப் பற்றைக்கு முன்னால் நின்றார்.

"இஞ்சாரும்," என்று என்னைக் கூப்பிட்டார். "நாங்கள் குப்பை கொளுத்தினது இதிலதானே?"

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"அங்கதான் குப்பை கொளுத்தினது. கணேசுவின்ர இடத்தில. அவன் வந்திருந்தால் இதிலதானே வந்து நிண்டிருப்பான்? பத்தையையும் குப்பையையும் கண்டிட்டு, ஒருத்தரும் இல்லையெண்டு திரும்பிப் போயிருப்பான்."

"வந்திருந்தால் அங்கால வெளிச்சத்தைக் கண்டு கூப்பிட்டிருக்க மாட்டானே?" என்றேன்.

"அது பூமணி அக்காவின்ர வீடெண்டுதானே நினைப்பான்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. அத்தனை வருசப் புகை, புழுக்கம், இருட்டு எல்லாம் பிழையான பக்கத்தில் வீணாய்ப் போனதே என்று நான் அழுதேன். அவர் அழுதது வேறு காரணத்துக்கு.

அடுத்த நாள் பற்றை வெட்டத் தொடங்கினார். அயலட்டைப் பெடியள் உதவிக்கு வந்து, பழைய ஒழுங்கையையும் வெட்டித் திறந்தார்கள். கிடுகைப் பிரித்து, கப்பைக் கிளப்பி, கிணற்றைச் சுற்றிக் காவிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நட்டார்கள். கல்லையும் உருட்டினார்கள். மண் குழைத்துச் சுவர் எழுப்பினது முழுக்க இவர்தான். இடையிடையே நெஞ்சைத் தடவிக்கொண்டு குந்துவார். போதும் விடுங்கோ என்றால், "கொஞ்சம்தானே" என்பார்.

அக்காவின் பல்ப்

பூமணி அக்காவுக்கு அந்த வருசமே வீட்டுத்திட்டத்தில் ஒரு கல்வீடு கிடைத்தது. லைனும் வந்தது. ஒரு காலமை கையில் பெரிய பல்ப் பெட்டியோடு எங்கள் பக்கம் வந்தார்.

"தம்பி, இதை வெளியில, உயரத்தில ஒருக்கா மாட்டித் தாவன். ஒழுங்கை முழுக்க வெளிச்சம் விழவேணும்."

"ஏனக்கா இவ்வளவு பெரிசு?" என்று நான் கேட்டேன். அந்தப் பல்ப் எரிந்தால் எங்கள் லாம்பு எரிகிறதா இல்லையா என்றே தெரியாது.

"என்ர சுதன் வருவானெல்லே."

சுதன் அவருடைய மகன். அவர்கள் வள்ளம் ஏறும்போது கூட வராதவன். பிறகு சண்டை நடந்த வன்னிப் பக்கம் கண்டதாக யாரோ சொன்னார்கள். அதுக்குமேல் தகவல் இல்லை.

"அவன் சின்னனில இருந்தே இருட்டுக்குப் பயம், பிள்ளை. இருட்டாக் கிடந்தால் ஒழுங்கைக்குள்ளயே வரமாட்டான். அதுதான் பெரிய பல்ப்பா வாங்கினனான்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்தார். ஒருத்தனுக்கு வெளிச்சம் இருந்தால் வீடு தெரியாது. மற்றவனுக்கு வெளிச்சம் இல்லாவிட்டால் வழி தெரியாது. நடுவில் ஒரு கிணறு.

"அக்கா," என்று நான்தான் மெல்லக் கேட்டேன், "கொஞ்சம் அங்கால திருப்பிப் போட்டால் என்ன?"

"அவன் எந்தப் பக்கத்தால வருவான் எண்டு எனக்குத் தெரியுமே?" என்றார் பூமணி அக்கா.

இவர் உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழே கிடந்த பழைய லைன் வேலை ஆயுதப் பெட்டியை இழுத்தார். குறடு, கரண்ட் பார்க்கிற ரெஸ்ரர், சுருட்டிய வயர். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றிப் போனார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரைகுறையாகச் செய்யவில்லை. மழைத்தண்ணி இறங்காமல் மேலே தகடு அடித்து, காற்றுக்கு ஆடாமல் இறுக்கி, ஒழுங்கையின் இரண்டு முனைக்கும் வெளிச்சம் விழும்படி பல்ப்பைத் திருப்பி வைத்தார். கரண்ட்டை விட்டு வந்த மனிசன் கடைசியாகச் செய்த லைன் வேலை அதுதான்.

பொழுதுபட அக்கா சுவிட்சைப் போட்டார். வெளிச்சம் கிணற்றைத் தாண்டி எங்கள் முற்றம் முழுக்க வந்து விழுந்தது. சிந்திய அரிசியைக்கூடப் பொறுக்கலாம். கப்பில் லாம்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. கிட்டப் போனால்தான் தெரிந்தது.

இவர் முற்றத்தில் குந்தி அதை அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல பல்ப்," என்றார். பிறகு எழும்பிப் போய் லாம்பின் திரியைக் கொஞ்சம் கூட்டிவிட்டு வந்தார்.

மாரி தொடங்கின கிழமை இவருக்கு நெஞ்சு நோவு வந்தது. மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "லாம்புக்கு எண்ணெய் விட்டனீரே?" என்று கேட்டார். "விட்டனான், பேசாமல் கிடவுங்கோ," என்றேன். அதுக்குப் பிறகு பேசவில்லை.

பழையபடி முருங்கையில்

இவருடைய அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் வதனி என்னைத் துறைமுகத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஃபானுக்குக் கீழே படுத்ததும் நல்லாக நித்திரை கொண்டேன். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல், அந்தக் குளிரில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். புகை இல்லை. கடைக்கு நடக்கத் தேவையில்லை. இனி இங்கேதான் என்று எனக்கும் மனசுக்குள் முடிவு. கணேசுவுக்காக விளக்கேற்றின மனிசனே போய்விட்டார். ஆருக்கு இனி அந்த விளக்கு?

ஒரு பின்னேரம் போன் அடித்தது. பூமணி அக்கா.

"பிள்ளை, சுகமா இருக்கிறியே?"

"ஓமக்கா. நீங்கள்?"

"இருக்கிறன். உன்ர வீட்டுப் பூட்டுத் திறப்பு என்னட்டத்தானே. ஒண்டு கேக்கவேணும். அந்த லாம்பு, திரியைக் கூட்டினால் புகைக்குது. என்ன செய்யிறது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏனக்கா லாம்பு? உங்களிட்டக் கரண்ட் இருக்குத்தானே."

"எனக்கில்லை. கணேசுவுக்கு. நீ போன நாள் துவக்கம் நான்தான் பொழுதுபடக் கொளுத்துறன். லைன்மேன் தம்பி ஒரு நாளும் நிப்பாட்டாதவன், அவன் போயிட்டானெண்டு விடலாமே?"

"உங்கட பல்ப் வெளிச்சத்துக்கு அது தெரியாதேயக்கா."

"தெரியாதுதான். அதுதான் கொஞ்ச நேரம் பல்ப்பை நிப்பாட்டிறனான். லாம்பு நல்லாத் தெரியும். பிறகு போடுவன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அந்த நேரம் பார்த்துச் சுதன் வந்தால், அக்கா?"

மறுபக்கத்தில் காற்று இரைந்தது.

"அதுக்குத்தான் ஒழுங்கை வாசலில போய் நிக்கிறனான், பிள்ளை," என்றார் அக்கா. "பல்ப்பைத் திரும்பப் போடுமட்டும். இருட்டுக்குள்ள வந்தால் கூப்பிடலாமெண்டு."

அடுத்த நாள் காலமை நான் பையைக் கட்டினேன். வதனி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "பழையபடி வேதாளம் முருங்கையில ஏறிட்டுதோ? அப்பாதான் இல்லையே அம்மா, இனி ஆருக்காக அங்க போறியள்?" என்று அழுதாள். அந்த மனிசி வயதுபோன காலத்தில் ஒழுங்கையில் தனிய நிற்கிறா என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது விளங்கியிருக்காது. ஃபானை நிப்பாட்டிவிட்டு வெளிக்கிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. குசினியைக்கூடத் திறக்காமல் லாம்பின் சிமினியைத் துடைத்து, திரியின் கருகிய நுனியை வெட்டினேன். அதுதான் புகைத்தது. கொளுத்திக் கப்பில் மாட்டினேன்.

"அக்கா, கொளுத்திட்டன்!" என்று கிணற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்.

"சரி பிள்ளை, நிப்பாட்டிறன்!"

பல்ப் அணைந்தது. இருட்டுக்குள் எங்கள் லாம்பு மட்டும் மஞ்சளாக எரிந்தது. நான் போய் ஒழுங்கை வாசலில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் சுதன் வருகிறானா என்று பார்த்தார். நான் கணேசு வருகிறானா என்று பார்த்தேன். இவர் உயிரோடு இருந்த காலத்தில் நான் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

ஒருவரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தால் அக்கா போய்ப் பல்ப்பைப் போட்டார்.